ஈரப்பதம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தினால்
இருபது பக்கம்.
சரக்கு வண்டி இஞ்சின் மாற்றிக்கொண்டு திரும்பினால்
ஓர் அத்தியாயமே முடிந்துவிடும்.
பஸ்ஸில் எல்லோரும் கேட்கீப்பரைத் திட்டுகிறார்கள்.
நான் திட்டுவதில்லை.

கிளை நூலகத்துத் தடிப் புத்தகம்.
அட்டை கிழிந்து, காக்கித் தாள் ஒட்டி,
முதுகில் எண் மட்டும் மிச்சம்.
எழுதியவர் போய் எண்பது வருஷமாம்.
அதில் ஒருத்தி
உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்க்க
நாலு பக்கம் எடுத்துக்கொள்கிறாள்.
பிறகு ஒரே வரியில்
வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள்.

என்னுடையவள் சிவபாக்கியம்.
தை அறுவடையிலிருந்து நிலைப்படியில் நிற்கிறாள்,
ஏழாம் அத்தியாயத்தில், மஞ்சப்பையோடு.
போகவும் மாட்டேன் என்கிறாள்,
உள்ளே வரவும் மாட்டேன் என்கிறாள்.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர்.
நாற்பது கிலோ. நாற்பது கிலோ. நாற்பது கிலோ.
மூட்டை வராத நேரத்தில்
பாழான சிட்டைகளின் முதுகில் நாவல்.
ஒரு மத்தியானம் அந்த உப்பு ஜாடியை
அப்படியே தூக்கி வந்து
சிவபாக்கியத்தின் அடுப்படியில் வைத்தேன்.
கழுவினாள். கவிழ்த்தாள்.
வாயைத் திறந்து
"இனி எனக்கு இவ்விடத்தில் என்ன உளது?" என்றாள்.

எடை போடும் அமிர்தராசுக்குப் படித்துக் காட்டினேன்.
"எந்த ஊரு பொம்பளக்கா இது, உளதுங்குறா?"
என்று கேட்டுவிட்டு,
ஈரமானியில் ஒரு கை நெல்லைப் போட்டுப் பார்த்து
"இருபத்திரண்டு. காயவச்சு எடுத்தா" என்றான்.
பின்னால் நின்ற விவசாயியிடம்தான் சொன்னான்.
இருந்தாலும் நான் சிட்டையை மடித்துக்கொண்டேன்.

காயவைத்தேன்.
தார் ரோட்டில் கொட்டிய நெல்லைக்
காலால் கிளறிக்கொண்டே போவோமே, அப்படி.
ஜாடி போயிற்று.
இவ்விடம் போயிற்று, உளது போயிற்று.
கவிழ்த்த பின்
கடைசிச் சொட்டு வடிகிறவரை
ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்கிறாளே,
அந்த நேரம் மட்டும் தங்கியது.
அதை வைத்துக்கொண்டேன்.

திருட்டுதானோ என்று இரண்டு நாள் குறுகுறுப்பு.
எங்கள் பக்கம்
மேல்வயலுக்கு வடிகால் எதுவோ
கீழ்வயலுக்கு அதுதான் வாய்க்கால்.
இப்படிச் சொல்லிச் சமாதானமாகிவிடலாம்.
ஆனால் அதே வாய்க்காலுக்காக
மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஸ்டேஷன்வரை போனவர்களும் இருக்கிறார்கள்.

நேற்று மறுபடி கேட்.
அவள் வீட்டைவிட்டுப் போகிற அந்த ஒற்றை வரிக்குத்
திரும்பிப் போனேன்.
ஓரத்தில் பென்சிலால், தாள் குழியும்படி
யாரோ எழுதியிருந்தார்கள்:
இல்லை.

முதல் தடவை எப்படித் தப்பியது?
கடைசிப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன்.
எழுபத்தொன்றில் ஒரு முத்திரை,
எழுபத்தெட்டில் ஒன்று,
அப்புறம் வெகுகாலம் யாரும் தொடவில்லை,
அப்புறம் நான்.
எந்த வருஷத்து இல்லை இது?
போகமாட்டாள் என்றா,
போகக்கூடாது என்றா,
ஒரே வரியில் போய்விட முடியாது என்றா?
படித்த கை எழுதியதா,
பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த கை எழுதியதா?

ரயில் போனது. கேட் திறந்தது.
நான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.
அடுத்த ஊர் நிழற்குடையில் உட்கார்ந்து
சிட்டையின் முதுகில் எழுதினேன்:

சிவபாக்கியம் பையைக் கீழே வைத்தாள்.
கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
அணைக்காமல் போனால்
விடிவதற்குள் நாற்று மூழ்கிவிடும்.
அதை அவனும் மறந்திருப்பான்.
செருப்பில்லாமல் இறங்கி நடந்தாள்.

பை வாசலில் இருக்கிறது.
அவள் வரப்பில் இருக்கிறாள்.
எட்டாம் அத்தியாயம் முழங்கால்வரை சேறு.