பயன்பாடு

களக்காட்டுக்கு மேற்கே
மலை வந்து முட்டுகிற இடத்தில்
எங்கள் பின்வாசலில் தொடங்கி முப்பத்தெட்டு சென்ட்.
ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம்,
முந்நூறு ஏத்தன் வாழை.
ஆடித் தள்ளுபடியின் கடைசி நாளில்
அதற்குள் ஒரு டிராக்டரும் வந்து நின்றது.

மினிதான், என்றார்.
சிவப்பு. பதினெட்டுக் குதிரைத் திறன்.
ஒரு கழுதைக்கே வேலை போதாத இடத்தில்
பதினெட்டுக் குதிரை.

கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருஷம்
நான் கடன் பிரிவில் இருந்தவள்.
டிராக்டர் என்றால் எனக்கு
நூல் கட்டிய பழுப்புக் கோப்பு.
ஜாமீன் கையெழுத்தில் பேனா நடுங்கியவர்கள்,
ஜப்தி நோட்டீஸைக் கண்டதும்
கொல்லை வழியாக இறங்கிப் போனவர்கள்,
எல்லாரையும் முகம் தெரியும்.
ஒருத்தர்கூட வண்டிக்கு ஷாம்பூ போட்டதில்லை.

இவர் போடுகிறார்.
உழவு இருபத்தைந்து நிமிஷம்,
குளிப்பாட்ட ஒன்றரை மணி நேரம்.
டயர் இடுக்கில் அப்பிய மண்ணைக் கிண்டி எடுக்க
பல் தேய்க்கிற பிரஷ். என்னுடையது.
மழைக்கு மூட என் சுங்குடிச் சேலை.

ஒரு நாள் காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டுக் காட்டினேன்.
வாடகை டிராக்டர் அரை மணிக்கு அறுநூறு.
வருஷத்துக்கு மூன்று உழவு, ஆயிரத்து எண்ணூறு.
வண்டி விலை நாலு லட்சத்து அறுபத்தைந்தாயிரம்.
போட்ட பணம் திரும்ப
இருநூற்றைம்பத்தெட்டு வருஷமும் நாலு மாசமும்.
டீசல் தனி.

தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.
கூட்டல் சரியா என்றுகூடப் பார்த்தார்.
பிறகு நிதானமாக,
“ஒன் வைர மூக்குத்தி
வருசத்துக்கு எத்தனை ஒழவு ஒழும்?”

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
வரப்போரம் பதினாலு வாழையைத் தோண்டி எடுத்தார்.
குலை தள்ளப் போகிற கன்றுகள்.
ஏன் என்றால், “வண்டி திரும்ப எடம் வேணும்லா.”
உழுவதற்கு வந்தது
உழ வேண்டிய இடத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது.

அடுத்த வயல் ஏர்வாடி சபீனா பீவிக்கு.
குலை வெட்டுக்கு ஆள் வராத வாரம்
இவர் டிரெய்லரை மாட்டி
ஏழு நடை ரோட்டுக்கு ஏற்றி விட்டார்.
“கோமதிநாயகம் அண்ணாச்சி, வாடகையப் பிடிங்க” என்று
அந்த அம்மா ரெண்டாயிரத்தை நீட்ட
பாம்பைக் கண்டதுபோலப் பின்னால் போனார்.
ராத்திரி சாப்பிடும்போது காரணம் சொன்னார்:
“துட்டு வாங்குனா வேலையால்லா ஆயிரும்.”
மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம்
கம்பத்தில் ஏறி இறங்கியவர்.
நான் ரசம் ஊற்றினேன்.

இப்போது மானிய விண்ணப்பம் வந்திருக்கிறது.
எழுத்து என்னுடையது, கையெழுத்து அவருடையது.
ஒன்பதாவது கேள்வி, பயன்பாடு:
உழவு, போக்குவரத்து, இதர (விவரிக்கவும்).
கடன் பிரிவுக்காரியின் பேனா
அங்கே மட்டும் நின்றுவிட்டது.

அன்று ஐப்பசி மழை ஓய்ந்த நடுச்சாமம்.
சேலை பறந்துவிட்டதா பார்க்கத்தான் போனேன்.
பறக்கவில்லை. நானே எடுத்தேன்.
சீட்டில் ஈரம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.
சாவி அதிலேயே தொங்கியது,
சொன்னால் கேட்கிற மனுஷனா.
விளக்கை மட்டும் போட்டேன்.

இரண்டு வரிசைக்கு நடுவே வெளிச்சம் ஓடிப் போய்
ஒன்பது வாழை தெரிந்தது.
நனைந்த தண்டு, கிழிந்த இலை,
ஒன்றில் காலையில் இல்லாத பூ.
தவளைகள் சட்டென்று நிறுத்திக்கொண்டன.
ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாத கை
ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பியது.
வாயால் சத்தம் கொடுத்தேனா என்று
நீங்கள் கேட்கக் கூடாது.

மோட்டார் ரூம் இருட்டிலிருந்து
இருமல். அப்புறம் குரல்:
“கிளட்ச்சப் பைய விடு.
வாழை மேல ஏத்திராத.”

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
விவரிக்கவும் என்று சொல்லிவிட்டு
அரை வரி இடம்தான் விட்டிருக்கிறார்கள்.