கட்டணத்தில் இல்லாதவை

கல்லடிப் பாலத்தடியில், விடிய ஐந்தரைக்கு,
ஏழு பேரை ஏற்றிக்கொண்டேன்.
இந்த வாவியில் மீன் பாடும் என்பது என் முதல் வரி.
"இப்ப பாடுதா?"
பௌர்ணமிக்குத் தோணியில் போய்,
துடுப்பை நீரில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும்.
பதினொரு வருடமாய் இப்படிச் சொல்கிறேன்.
நான் கேட்டதில்லை.
கேட்டாயா என்று என்னையும் ஒருவர் கேட்டதில்லை.

வான் உதுமாலெப்பையுடையது.
கல்முனை தாண்டுமட்டும் வாய் திறக்கமாட்டார்.
அக்கரைப்பற்றில் அப்பம் சாப்பிட்ட பிறகு
வெள்ளம் வந்த வருடங்களை
ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்குவார்,
எந்த வளவில் எத்தனை அடி என்று.
என் கதை மூச்சு வாங்கும் இடத்தில்
அவருடையது உள்ளே கிறுகும்.

திருக்கோவில்.
சூரனை முடித்த வேல்
ஒரு மலையைப் பிளந்து
மூன்று கதிராய்ச் சிதறியது.
ஒன்று இங்கே.
ஒன்று நாம் போகிற உகந்தையில்.
ரொறன்ரோவிலிருந்து வந்த பரஞ்சோதியின் மகள்
கணக்கை விடுகிற பிள்ளை இல்லை.
"மற்றது?"
மண்டூரில, மகள்.
இண்டைய கட்டணத்தில மண்டூர் இல்ல.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில்
கொஞ்சம் வேகமாக நடத்திப் போவேன்.
அந்த மார்கழி அலைக்கு
கம்பனி தந்த தாளில் ஒரு வரி உண்டு.
வரியில் என் அண்ணன் மகன் இல்லை.

பொத்துவில் மணலுக்குள்
பாதி புதைந்த விகாரை.
இங்கே நான் பேசவில்லை.
குருநாகல் ஹேரத் அம்மா பேசினார்:
தகப்பன் செய்த பாவத்துக்குக் கடல் பொங்கி வர,
மகளைத் தங்கத் தோணியில் வைத்துத் தள்ளிவிட்டார்கள்.
தோணி சுற்றிச் சுற்றி
இந்தக் கரையில் வந்து முட்டியது.
சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றியவள் நான்.
அவர் சொன்னது இளவரசி.
நான் சொன்னது பிள்ளை.

பாணமை கழிந்தால் செம்மண்.
நடு வழியில் யானை லத்தி, ஆவி பறக்க.
உதுமாலெப்பை கண்ணாடிகளை ஏற்றினார்.
வெள்ளம் அறுபத்துமூன்றோடு நின்றது.

உகந்தைக் கடற்கரையில் கல்லாய்க் கிடக்கிறது தோணி.
முருகன் வந்தது ஒன்று, வள்ளி வந்தது ஒன்று.
அணியம் எது, கடையார் எது என்று
கை நீட்டிக் காட்டினேன். படம் எடுத்தார்கள்.
அந்த நேரம் பார்த்து, தாளில் இல்லாத ஒன்று:
நீலப் பைபர் படகு,
இயந்திரம் செத்து,
அலைக்குக் குறுக்கே விழப் பார்த்தது.
"ஆக்கள் வாங்க! கெதியா!"

ஹேரத் அம்மா செருப்பை எறிந்துவிட்டு ஓடினார்.
பரஞ்சோதியின் போன் கடலுக்குள் போயிற்று.
உதுமாலெப்பை தாளம் கொடுத்தார்,
பாதி தமிழ், பாதி சிங்களம்,
மீதி வெறும் மூச்சு.
தள்ளினோம்.
உருளைக்கட்டை காலில் ஏறியது, கெட்ட வார்த்தை வந்தது,
இரண்டு தரம் கடல் திரும்ப இழுத்தது,
மறுகா வந்தது படகு.

கல் தோணி பார்த்துக்கொண்டிருந்தது என்று
அடுத்த குழுவுக்குச் சொல்லுவேனோ தெரியாது.
அது பார்க்கவில்லை.
ஒரு நாய் அதன் நிழலில் படுத்திருந்தது.

படகுக்காரன் பெயர் யூட், வாழைச்சேனை ஆள்.
நன்றி சொல்லவில்லை.
கடைப் பை ஒன்றில் இரண்டு பாரையைப் போட்டு
கிட்ட நின்ற சின்னக் கையில் திணித்தான்.

திரும்பும் வழி முழுக்க வெடில்.
"சீட்டில ஊத்தினா ஆர் கழுவுற?"
என்றார் உதுமாலெப்பை,
கோமாரியில், தம்பிலுவிலில், காரைதீவில்.
பனிக்கட்டி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பாலத்துக்கு வர இரவு எட்டரை.
நிலவு இல்லை.
எல்லாரும் பொதிகளைத் தேடுகிறார்கள்.
பின் சீட்டில் அவள் மட்டும்
பையைத் தூக்கிக் காதோடு வைத்திருக்கிறாள்,
கழுத்தில் தண்ணீர் வடிய.

"பாடுதா?"
கேட்டது நான்.

ஒரு விரலை உயர்த்தினாள்,
பொறுக்கச் சொல்லி.