மூச்சு மட்டும்

மே மாதம். ஹோனெஃபோஸில் இரவு பதினொன்றுக்கும்
வானம் முழுதாய் அணையவில்லை.
சிவப்புக் கால்சட்டைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்
தேர்வுக்கு முன்பே தேறிவிட்டதாகக் கொண்டாட.

அவர்கள் பேருந்துக்குப் பாட்டுச் செய்தவன் நான்,
நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி.
"இன்னும் பாஸ் வேணும்" என்றான் ஐவின்ட்.
வைத்தேன்.
அலமாரியில் அம்மாவின் ஜாம் புட்டிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

பாட்டு வெடிக்குமுன் எண்ண ஒரு குரல் வேண்டும்.
டிசம்பரில் இல்வா வந்தாள்,
பனி ஒட்டிய காலணியைக் கழற்றாமலே
மூன்று, இரண்டு, ஒன்று.
ஒரே தடவை. மறுபடி கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் அவளால் கடைசித் தவணை கட்ட முடியவில்லை.
பேருந்தில் பதினெட்டுப் பேர் ஆனார்கள்.
அவ குரலை எடுத்துடு என்று ஒரு குறுஞ்செய்தி,
கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை முகம்.

எடுத்தேன்.
எண்களைத்தான் எடுத்தேன்.
கடைசி எண்ணுக்குப் பின் அவள் இழுத்த மூச்சு
அப்படியே கிடந்தது.

இப்போது அதிகாலை மூன்று.
பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணி,
இல்வா சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.
பேருந்து உள்ளே திரும்புகிறது.
முதலில் கண்ணாடிக் கதவு அதிர்கிறது,
பிறகு கல்லாவில் சில்லறை.
சட்டென்று
எல்லாம் நிற்கிறது.
அரை நொடி.
முப்பத்தாறு கைகள் அந்தரத்தில்
ஒரு மூச்சுக்காகக் காத்திருக்கின்றன.

அவள் இடுக்கியும் நிற்கிறது.

பிறகு இடி விழுகிறது.
வரிசையில் நான். நிமிராமலே கேட்கிறாள்:
"கடுகா, தக்காளியா?"