எலுமிச்சை அளவு

எலுமிச்சை அளவு இருக்கும் என்றார் டாக்டர் பரூல்கர்.
நெற்றி எலும்புக்குப் பின்னால், வலப்பக்கம்,
மூளையைச் சாய்த்துக்கொண்டு.
சயான் ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில்
படத்தைத் தூக்கிப் பிடித்தார்.
கீழே மேம்பாலத்தில் போன சிவப்பு பஸ் ஒன்று
இவர் தலைக்குள் நுழைந்து
காதுவழியாக வெளியே போயிற்று.

"நடத்தை எப்போதிலிருந்து மாறியது?"

ஆவுடையப்பன்.
வடாலா ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில்
இருபத்தொன்பது வருடம்
ஒரு ரூபாய் கணக்குத் தவறாதவர்.
வீட்டிலும் அதே கவுன்டர்தான்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.
பால் எவ்வளவு, கொத்தமல்லி எவ்வளவு, மீதி எங்கே.
கையை நீட்டுவேன், எண்ணிப் போடுவார்.

முதலில் வடாபாவ்காரனிடம் மீதி வாங்காமல் வந்தார்.
மறதி என்று நினைத்தேன்.
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடுங்கா பூக்கடையில்
முழம் போடாதே என்று சொல்லி
பந்தோடு மல்லிகையை வாங்கி
"கோமு, திரும்பு" என்றார்.
முப்பத்திரண்டு வருடத்தில்
அந்த வாயில் என் பெயர் அன்றுதான் வந்தது.
அதுவரை நான் "இங்க பாரு".

ரயிலில் எவனோ ஒருவன் டிபனைத் திறந்து
ஒரு வாய் தின்றுவிட்டு உப்புக் குறைவு என்றார்.
சொசைட்டி கூட்டத்தில் செக்ரட்டரியை
மராத்தியில் வைதார். அந்த வார்த்தைகளெல்லாம்
எந்தப் பிளாட்பாரத்தில் ஏறி இவருக்குள் உட்கார்ந்தனவோ.
பால்ராஜ் வீட்டில் பிணத்தை எடுக்கும்போது சிரித்தார்.
"அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டுதும்மா"
போனில் மகள் அழுதாள்.
ஆமாம் என்றேன்
பூவை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே.

எட்டு மாதம்.
கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வலிப்பு வந்து
வாய் கோணி விழுந்த அன்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
"ஏன் இத்தனை தாமதம், ஆன்ட்டி?"
ஒருவர் தன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்
என்று எந்த ஓ.பி. சீட்டில் எழுதுவது?

டாக்டர் நல்ல பையன். பொறுமையாகச் சொன்னார்:
இந்த இடம் ஒரு வாட்ச்மேன் மாதிரி.
எதைப் பேசலாம், எதை விழுங்கவேண்டும்,
எங்கே சிரிக்கக்கூடாது,
எல்லாம் அவன் பார்த்துப் பார்த்து விடுவான்.
கட்டி அழுத்தியதில் வாட்ச்மேன் தூங்கிவிட்டான்.

நான் கேட்டேன்:
அப்படியானால் என் பெயர்
உள்ளேதான் இருந்ததா இத்தனை காலமும்?
வாட்ச்மேன்தான் விடவில்லையா?

அவருக்கு என் இந்தி புரியவில்லையோ என்னவோ.
பேனாவை நீட்டினார்.
"ஆபரேஷன் முடிந்தால் பழையபடி ஆகிவிடுவார்."

பழையபடி.
தமிழில் கையெழுத்துப் போட்டேன்.
கை நடுங்கியதற்கு நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள்.

பதினோராம் நாள் வீடு வந்தார்.
தலையில் காதுக்குக் காது தையல்.
ஆன்டாப் ஹில்லில் மூன்று மாடி ஏறி
நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி
"டாக்ஸிக்கு எவ்வளவு குடுத்த?" என்றார்.
மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.
"அப்பா வந்துட்டாரும்மா."

வந்துவிட்டார்.
உயிரோடு வந்தாரே, அதற்கு மேல் என்ன என்கிறார்கள்.
நானும் அதையேதான் சொல்கிறேன், வருகிறவர்களிடம்.
மல்லிகை எதுவும் அவருக்கு நினைவில்லை.
ராத்திரி அவர் அயர்ந்தபின்
முடி முளைக்கத் தொடங்கிய அந்தப் பள்ளத்தில்
ஒரு விரலை வைத்துப் பார்க்கிறேன்.
சூடாக இருக்கிறது, எல்லார் தலையையும் போல.

நேற்று மார்க்கெட்டில்
ஒரு எலுமிச்சையை உள்ளங்கையில் வைத்து
எவ்வளவு நேரம் நின்றேனோ.
"பத்துக்கு மூணு, மாவ்ஷி" என்றான் பையன்.
ஒன்று போதும் என்றேன்.
அதை இன்னும் கணக்கில் எழுதவில்லை.