வெற்று எடை

பிரெய்லா துறைமுகம், மூன்றாவது எடைமேடை.
கேபினுக்குள் பனாயித்தின் மேசைக்கடியில்
பதினோரு அறுவடைக் கோதுமைத் தூசியைத் தின்று
இருமிக்கொண்டு கிடக்கிறது ஒரு கணினி.
இனி அது வேண்டாம்,
மாடியறை சர்வருக்குள்
மெய்நிகர் இயந்திரமாக ஓடட்டும் என்றார்கள்.
அதற்குத்தான் வந்தேன்,
ஐம்பத்தெட்டு வயது முதுகும்
ஸ்க்ரூடிரைவரும் பாதி சாண்ட்விச்சுமாக.

கோப்புகள் போய்விட்டன.
தராசு மென்பொருள்கூட முணுமுணுக்காமல் போய்விட்டது.
கூடுவிட்டுக் கூடு பாய வேண்டியதுதான் பாக்கி.
வாசலில் நிறுத்தி
உயிருக்கு அனுமதிச்சீட்டு கேட்கிறார்கள்.

எங்கேடா சாவி என்றேன்.
தொலைந்துவிடக் கூடாதென்று பனாயித்
பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்திருந்தான்,
சரியாகத் தன் வலது முழங்கால் உரசும் இடம் பார்த்து.
ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்து.
மூன்றாம் ஐந்தில் ஒன்று
அவன் கால்சட்டையோடு வீட்டுக்குப் போயிருந்தது.
பி-யா, எட்டா?
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எட்டு.
தவறு.
பி.

அதன்பின் தொலைபேசி.
பதிவுசெய்த பெண்குரல், கல்லுக்குரிய பொறுமை,
ஆறாறாக ஒன்பது தொகுதி எண்களை வாங்கிக்கொள்கிறாள்.
வெளியே லாரிகள் டான்யூப் கரை வரை நிற்கின்றன.
ஹாரன் அடிக்கும்போதெல்லாம்
ஏழாம் தொகுதியைத் திரும்பக் கேட்கிறாள்.
பதில் எண்களை எழுத
எடைச்சீட்டின் முதுகைத் திருப்பிவைத்துப்
பென்சிலோடு காத்திருக்கிறான் பனாயித்.

கடைசியில் கேட்டாள்:
இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டிருக்கிறது?

ஒன்று என்றால் கதவு திறக்கும்.
இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.
நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன்.
நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது.
அப்போது மேசைக்கடியில் அது இருமியது.
லாரிகள் நிற்பதால் இன்னும் அணைக்கவில்லை.

மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை.
மெய்நிகர் என்றால்
கிட்டத்தட்ட.
நான் சொல்லவிருந்த ஒன்றும் கிட்டத்தட்டதான்.

பனாயித் பென்சிலால் காதைச் சொறிந்தான்.
"இங்கே லாரி ரெண்டு தடவை ஏறும், ஸெனோவியா.
சரக்கோட ஒரு தடவை, கொட்டிட்டு ஒரு தடவை.
வெற்று எடை போடாம
நான் யாருக்கும் சீட்டு கிழிச்சதில்லை.
அதுக்குத்தான் அவனுங்க என்னைத் திட்டுறானுங்க."

வைத்துவிட்டேன்.
ஐம்பத்துநான்கு எண்களும் காற்றோடு போயின.
குனிந்து அதன் பொத்தானை அழுத்தி
நாலு நொடி பிடித்திருந்தேன்.
விசிறி நின்றது.
அந்த அறைக்கு இத்தனை நாளும் ஒரு சத்தம் இருந்தது என்பது
அப்போதுதான் தெரிந்தது.
ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன்,
இன்னும் சூடு ஆறவில்லை.

இருபது நிமிடம் தராசுக்கு மூளை இல்லை.
பனாயித் கையால் எழுதினான்.
கலாட்ஸிலிருந்து வந்த ஓட்டுநர் ஒருத்தி
கேபினுக்குள் தலையை நீட்டி
என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னாள்.
மறுபடி முதல் தொகுதி.
மறுபடி அதே குரல், அதே கேள்வி.
ஒன்று.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல,
அவளுக்கும் சேர்த்து.

ஒட்டுச்சீட்டுக்குத்தான் இனி இடமில்லை.
மாடியில் ஓடுவதற்குப் பக்கவாட்டு ஏது?
பனாயித் நகத்தால் உரித்து
அழிந்த பி-யைப் பேனாவால் எழுதிப்
பணப்பையில் வைத்துக்கொண்டான்.

வரிசை தீர்ந்த மாலை
இருவருமாகப் பெட்டியை வெளியே தூக்கிவந்தோம்.
எனக்கொரு ஆசை. மேடை நடுவே வைக்கச் சொன்னேன்.
டிஸ்கோடு: பூச்சியம்.
டிஸ்க் இல்லாமல்: பூச்சியம்.
"இருபது கிலோவுக்குக் கீழே இதுக்குக் கண்ணே தெரியாது"
என்றான்.
ஆனாலும் உள்ளே போய்
இரண்டு சீட்டு அடித்துக் கிழித்துத் தந்தான்,
தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டு.