கலங்கும் புள்ளி

முட்டை வெள்ளைக்கருவில் பிரித்த புரதம்,
சோதனைக் குழாயில் தண்ணீர்போலக் கிடந்தது.
பாலிமர் ஊற்றிக் குளிர்வித்தேன்.
பதினாறு டிகிரி. பதினைந்து.
பதினாலரையில் அரிசி களைந்த நீராய்
ஒரே நொடியில் கலங்கியது.

சில்லர் பழுதுபார்க்க வந்திருந்த சம்சுகனி
ஸ்பேனரோடு எட்டிப் பார்த்தார்:
"ஒண்ணையொண்ணு இழுக்குதா?"

இல்லண்ணே. அந்த நீள இழைகளுக்குச்
சுருண்டு புரள இடம் வேணும்.
அதுக்காக இதுகளை ஒதுக்கித் தள்ளும்.
ஒதுங்கினது ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்.
பாசமெல்லாம் பெருசா இல்ல.

"எங்க ரூம்ல பன்னெண்டு பேரு.
கீழக்கரைக்காரங்க நாலு பேரும்
ஒரே மூலைலதான் கட்டில் போட்டிருக்கோம்.
பேச்சுவார்த்தை கிடையாது."
சொல்லிவிட்டு மறுபடி குழாய்க்குள் தலையை விட்டார்.

மூன்று மணிக்குச் சோதனைக் குழாயைச்
சட்டைப்பையில் போட்டபடி வெளியே வந்தேன்.
தோஹா, ஆகஸ்ட்.
கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி வெளுத்தது;
தெருவிளக்கு, பார்க்கிங், என் கை, எதுவும் இல்லை.

சட்டை நுனியால் துடைத்துப் போட்டுப் பார்த்தால்
பையிலிருந்தது தெளிந்துவிட்டிருந்தது,
யாரும் யாரையும் தெரியாததுபோல.

எத்தனை டிகிரியில் என்று குறிக்க
வெப்பமானி எடுத்து வரவில்லை.