அறை வெப்பநிலை

சிவப்பு வைனை
அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டுமாம்.
எந்த அறை என்று கேட்டேன்.
ஆவணி மாதம், மின்விசிறி சுற்றியும்
பாய் சுடுகிற என் அறையா,
இந்தப் பாடத்தை எழுதியவனின்
நிலத்தடிக் கல்லறையா?
ஹெஷான் சிரித்தான்.
கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர்,
என் மகளைவிட ஆறு வயது கூட இருக்கலாம்.
பலகையில் எழுதினான்: பதினாறு பாகை.
அந்தக் குளிரை நான்
கடன் கேட்டுப் போன வங்கிக்குள்தான் கண்டிருக்கிறேன்.

உப்புவெளி ஹோட்டலில் ஐந்து பேர் நாங்கள்.
இதுவரை கட்டில் விரிப்பு மாற்றியவள் நான்,
இனி உணவுக்கூடம், சம்பளம் நாலாயிரம் கூட.
வீட்டில், "பரிமாறப் பழகுறன்" என்றேன்.
பொய்யில்லை.

முதல் நாள் துப்பப் பழகினோம்.
ஒரு வாய் எடுத்து, காற்றை உறிஞ்சி, அலசி,
விழுங்காமல் வாளிக்குள்.
பாலையூற்றுப் பத்திநாதனுக்கு மனம் வரவில்லை.
மத்தியானம் பார்த்தால்
அவனுடைய வாளி மட்டும் காய்ந்து கிடந்தது.

பிறகு டனின்.
ஆங்கிலத்தில் சொன்னான், சிங்களத்தில் சொன்னான்,
நாக்கை யாரோ துணியால் துடைத்த மாதிரி என்று
கையாலும் காட்டினான்.
துவர்ப்பு, என்றேன்.
வாழைப்பூவின் நரம்பு.
அதிகம் ஊறிவிட்ட பிளேன்ரீ.
நாவற்பழம் தின்றுவிட்டுப் பேச வராத வாய்.
திருப்பிச் சொல்லச் சொன்னான்,
சிங்கள எழுத்தில் கொப்பியில் குறித்துக்கொண்டான்.

உடம்பு என்றால் கனம்.
நான் அதைத் தேங்காய்ப்பாலில் எழுதிவைத்தேன்:
கடைப்பால், இரண்டாம் பால், முதற்பால்.
செர்ரிதான் பிடிபடவில்லை.
எனக்குத் தெரிந்த செர்ரி
கேக்கின் மேல் குந்தியிருக்கும் சிவப்புச் சீனி.
குதிரைச் சேணம் என்றொரு வாசனையும் பட்டியலில் இருந்தது.
"குதிரை வேர்க்க முதலோ, வேர்த்த பிறகோ?"
பத்திநாதன்தான்.

கிளாஸைச் சுழற்றினால்
உள்சுவரில் மெல்ல வடிவதற்குப் பெயர் கண்ணீர்.
கண்ணீர் கூடினால் மதுசாரம் கூட என்று அர்த்தம்.
இது எங்கள் ஒழுங்கையில்
எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த பாடம்.

கடைசி நாள் பரீட்சை. நாலு கிளாஸ்.
ஒன்று பழுது, எது?
புளிச்சது என்றார்கள், பழசு என்றார்கள்.
கெங்காதேவி நாலையும் நல்லது என்றாள்.
நான் மூக்கை வைத்தேன்.

நனைந்த மட்டைப்பெட்டி.

மார்கழி போய்த் தை பிறந்திருந்தது.
திருக்கடலூரில், மிஞ்சிய ஒரு சுவரின் மேல்
நான் காயவைத்த பெட்டி.
பிறப்பத்தாட்சி, என் சாதாரணதரப் பெறுபேறு,
அக்காவின் கலியாணப் பதிவு.
மை போயிருந்தது.
அக்காவும்.
பத்து நாள் வெயிலில் தாள் காய்ந்து மொறுமொறுத்தது,
மணம் காயவில்லை.

"மூன்றாவது" என்றேன். "தக்கை பழுது."
"எப்பிடித் தெரியும்?"
அந்த மார்கழியில் அவனுக்கு மூன்று வயதிருக்கும்.
"மட்டை மணம்" என்றேன்.
பத்துக்குப் பத்து போட்டான்.

இப்போது போத்தல் திறந்தால்
தக்கையை முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.
போன கிழமை கனடாவிலிருந்து வந்தவர் ஒருவர்,
ஆங்கிலத்தில் தொடங்கி, என் பெயர்ப்பட்டியைப் பார்த்துவிட்டு,
"தங்கச்சி, இது எப்பிடி இருக்கும்?" என்றார்.
நாவற்பழத் துவர்ப்பு, இரண்டாம் பால் கனம்,
கணவாய்க் கறிக்குச் சேராது, என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவர்.
பிறகு அதையே கேட்டார், கணவாயோடு.

வேலை முடிந்து நகரத்தில் இறங்குகிறேன்.
ஐப்பசியின் முதல் மழை நின்றிருக்கிறது.
பஸ் நிலையத்தின் பின்னால் ஒரு மான்,
ஊறிப்போன அட்டைப்பெட்டியின் மூலையைக் கிழித்து,
கண்ணைப் பாதி மூடி,
இடது கடைவாய்க்கும் வலது கடைவாய்க்கும் மாற்றி மாற்றி
நெடுநேரம் மெல்லுகிறது.

துப்பவில்லை.